கற்பிட்டிக் காற்றும் கனடாக் கணப்பும்

இலங்கையின் வரைபடத்தை விரித்து வடமேற்குக் கரையை நோக்குவோர், புத்தளத்திற்கு மேற்கே, வடக்கு நோக்கி நீட்டிய ஒரு விரல் போலக் கிடக்கும் மெல்லிய நிலத்துண்டைக் காண்பர். அதன் கிழக்கே புத்தளக் களப்பு. மேற்கே மன்னார்க் குடாவோடு கலக்கும் பெருங்கடல். இடையே மணலும் தென்னையும் வெங்காயத் தோட்டங்களும். இதுவே கற்பிட்டிக் குடாநாடு. புத்தளத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் வீதியில், பாலாவிச் சந்தியில் வலப்புறம் திரும்பி, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் கற்பிட்டிப் பட்டினத்தை அடையலாம். வழியில் நுரைச்சோலை, தலவில், ஏத்தாளை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஊரின் பெயர் மாறினாலும் காற்று மாறுவதில்லை.

இந்நிலத்துக்கு அதிபதி காற்றே என்று சொல்லிவிடலாம். வைகாசியில் எழும் தென்மேல் காற்று ஐப்பசி பிறக்கும் வரையில் ஓய்வதில்லை. யாழ்ப்பாணத்தவராகிய நாம் அதனைச் சோளகம் என்போம். பின்னர் மார்கழி முதல் மாசி வரையில் எதிர்த்திசையிலிருந்து வாடை வீசும். இருபுறமும் நீர்ப்பரப்பு, மறிப்பதற்கு ஒரு குன்றுமில்லை. ஆதலின் வருகின்ற காற்று வந்த வேகத்திலேயே கடந்து செல்கின்றது. இந்தக் காற்றை நம்பியே மாம்புரியில் 2010ஆம் ஆண்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. இதனை நம்பியே மேல்நாட்டு இளைஞர் கண்டக்குழிக்கும் கப்பலடிக்கும் வந்து, பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு களப்பு நீரின்மேல் சறுக்கி விளையாடுகின்றனர். ஒருவன் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிப் பறந்து, ஒன்றும் நடவாதவன் போல் மீண்டும் நீரில் இறங்கியதைக் கண்டு நம் தம்பியின் பிள்ளைகள் கைகொட்டி ஆர்ப்பரித்தனர்.

தம்பி ரொறன்ரோ நகரில் குடும்பத்தோடு வாழ்பவர். ஆடி விடுமுறைக்கு ஊர் வந்தவர், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் நாளிருக்கிறதே, எங்கேனும் கடற்கரைக்குச் சென்று வருவோம் என்றார். வடக்கில் இல்லாத கடற்கரையா? ஆயினும் டொல்பின் மீன்களைக் காண வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். டொல்பின்கள் கூட்டமாக வருவது கார்த்திகைக்கும் சித்திரைக்கும் இடையே என்றும், ஆடியில் மேலைக்கடல் கொந்தளித்துக் கிடக்கும் என்றும் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. ஒரு வானை வாடகைக்கு அமர்த்தி, வவுனியா, அநுராதபுரம் வழியாகப் புறப்பட்டோம்.

நுரைச்சோலையைக் கடக்கையில் லக்விஜய அனல் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி தெரிந்தது. 2011ஆம் ஆண்டில் முதற் பகுதி இயங்கத் தொடங்கி, இன்று மூன்று பகுதிகளுமாக 900 மெகாவாற்று மின்னாற்றல் கொண்ட நிலையம் அது. நிலக்கரியின் தூசும் சாம்பலும் பற்றி அயலூரார் பல்லாண்டாக முறையிட்டு வருகின்றனர். அது தனியே எழுதவேண்டிய செய்தி. ஈண்டு ஒன்றை மட்டும் குறிப்போம். இத்தகைய பெருங்கொதிகலன் உலைகளுக்கு இருவகை விசிறிகள் உண்டு. ஒரு வகை, உலைக்குள் காற்றைத் தள்ளும். மற்றொரு வகை, எரிந்த வாயுவை வெளியே உறிஞ்சும். இவ்விரண்டும் ஒத்து இயங்காவிடின் உலை சரியாக எரியாது. இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கியவர் தம்பியே. அவர் பொறியியலாளர் அல்லர். ஒரு களஞ்சியத்தில் கணக்காளர். உலைகளைப் பற்றி இவருக்கு இத்துணை ஞானம் எங்கிருந்து வந்தது என்று வியந்தோம். விடை அன்றிரவு கிடைத்தது.

கற்பிட்டிக் கோட்டையை மாலையில் ஒருமுறை சுற்றிப் பார்த்தோம். 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை. முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கொண்ட கனத்த மதில்கள். இப்போது கடற்படையினர் வசம் இருப்பதால் அவர்களுடைய அனுமதி பெற்றே உள்ளே செல்லல் வேண்டும். வெளியே தொப்பியைப் பறிக்கும் காற்று. மதிலுக்குள் இரண்டடி வைத்ததும் ஓர் இலை அசையவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பகைவரைத் தடுக்க எழுப்பிய மதில் காற்றையும் தடுத்துவிட்டது போலும்.

கண்டக்குழிப் பக்கத்தில் கிடுகால் வேய்ந்த ஒரு குடிலில் இராத்தங்கினோம். உல்லாசப் பிரயாணிகளுக்காகக் கட்டிய குடில். பார்வைக்கு அழகியது. மேற்கே கடலை நோக்கிய பெரிய சாளரம். அதில் வெள்ளைத் திரை. திரையோ சோளகத்தில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஆயினும் கட்டிலிற் படுத்தவர்க்கு வியர்வை ஆறு போல் ஓடுகிறது. இஃதென்ன விந்தை! காற்று வாயிலில் நின்று கூவுகிறது, உள்ளே வர மாட்டேன் என்கிறது.

தம்பி எழுந்து மின்சூளை அடித்துக் கிழக்குச் சுவரை ஆராய்ந்தார். அலுமாரிக்குப் பின்னால் ஒரு சிறு பலகைச் சாளரம் பூட்டிக் கிடந்தது. அலுமாரியை இருவருமாக நகர்த்தி அதனைத் திறந்தோம். மறுகணமே அறைக்குள் ஓர் ஓடை பாய்ந்தது போல் காற்றுப் புகுந்து கடந்தது. நுளம்பு வலை பாய் போல் உப்பியது. “அண்ணை, வரும் வழி இருந்தால் மட்டும் காற்று வராது. போகவும் ஒரு வழி கேட்கும். இதைக் கற்றுக்கொள்ள நான் ஓர் இரவு முழுவதும் குளிரில் நடுங்கினேன்” என்று சிரித்தார். பிள்ளைகள் உறங்கிய பின்னர் திண்ணையில் அமர்ந்து அந்தக் கதையைச் சொன்னார்.

கனடாவில் மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடுகள் உண்டு. டிரெய்லர் என்பது அவற்றின் பெயர். ஒரே பெட்டிக்குள் சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கியிருக்கும். கோடையில் இதனை இழுத்துக்கொண்டு காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சென்று தங்குவது அந்நாட்டவர் வழக்கம், நம்மவரும் பழகிக்கொண்டனர். தம்பி பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினார். நீளம் 24 அடி. கோடையில் குறையொன்றும் தெரியவில்லை. ஒக்டோபரில் வரும் நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு, மரங்களெல்லாம் சிவந்து நிற்கும் அழகைக் காணவென்று அல்கொன்குவின் பூங்காவுக்கு இழுத்துச் சென்றார். அங்கே அம்மாதத்தில் இரவு நீர் உறையும் குளிர்.

டிரெய்லரில் ஒரு கணப்பு உலை இருக்கின்றது. புரொப்பேன் வாயுவால் எரிவது. அதன் செயல் முறையை வாசகர் அறிந்துகொள்ளுதல் நன்று. அறையின் சூடு குறைந்ததும் முதலில் நெருப்பு எரிவதில்லை. முதலில் விசிறிதான் சுழலும். விசிறி தள்ளும் காற்றின் பாதையில் மெல்லிய தகடொன்று ஓர் ஆளியோடு பொருத்தப்பட்டிருக்கும். காற்றுப் போதிய வேகத்தோடு வந்து அத்தகட்டைச் சாய்த்தால்தான் ஆளி வேலை செய்யும். அதன் பின்னரே வாயு திறந்து, பொறி தட்டி, நெருப்புப் பற்றும். காற்று ஓடாத இடத்தில் நெருப்பு மூட்டலாகாது என்பது இதைச் செய்தவர்களின் எச்சரிக்கை. மேலும் உலைக்குள் சூடு அளவு கடந்தால் வாயுவை அடைத்துவிடும் காவல் ஆளி வேறொன்றும் உண்டு. எரிந்த வாயு வேறொரு குழாய் வழியே வெளியே போய்விடும். நெருப்பைச் சுற்றிய இரும்புச் சுவரைத் தடவிச் சூடேறிய நல்ல காற்று மட்டுமே அறைகளுக்கு வரும்.

அன்றிரவு உலை எரிந்தது, இரண்டு நிமிடத்தில் அணைந்தது, மீண்டும் எரிந்தது, மீண்டும் அணைந்தது. உலைக்கருகே நிற்பவர்க்குக் கால் வெந்தது. பிள்ளைகள் படுத்திருந்த முன்னறையிலோ மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. வாயு முடிந்ததென்று எண்ணிச் சிலிண்டரை மாற்றினார், பயனில்லை. குளிர் புகும் இடுக்குகளையெல்லாம் பழந்துணியால் அடைத்தார். கூரையிலிருந்த காற்றுத் துவாரத்தையும் தலையணை வைத்து மூடினார். அதன் பின்னர் சாளரக் கண்ணாடிகளில் நீர் வழியத் தொடங்கிற்று. கடைசியில் அவர் மனைவி, சமையல் அடுப்பின் நான்கு வாயையும் ஏற்றிவிட்டால் அறை சூடாகிவிடுமே என்றார்.

இவ்விடத்தில் தம்பி குரலைத் தாழ்த்தினார். அடுப்பை ஏற்றக் கை நீட்டியபோது, அடுத்த டிரெய்லரில் தங்கியிருந்த முதியவர் ஒருவர், இவர்களுடைய விளக்கு விடியும் வரை எரிவதைக் கண்டு வந்து கதவைத் தட்டினாராம். கண்ட காட்சியில் அவர் முகம் வெளிறிப்போயிற்றாம். அடைத்த அறைக்குள் எரியும் அடுப்பு, காற்றிலுள்ள பிராணவாயுவைத் தின்று தீர்க்கும். அது குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலாக அதனைப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் உறங்கியபடியே போய்விடுவர். பிள்ளைகள் இருவரும் அந்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் நமக்கு இப்போதும் நெஞ்சு பதைக்கின்றது.

முதியவர் முதற் காரியமாகக் கூரைத் துவாரத்தை ஒரு விரல் அகலம் திறந்தார். “குளிர் வரட்டும், ஈரம் போகட்டும்” என்றாராம். நால்வர் மூச்சு விடும் ஈரமே கண்ணாடியில் நீராக வழிந்தது. பின்னர் கட்டிலைத் தூக்கி அடியிலிருந்த பலகையைக் கழற்றினார். காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. முன்னறைக்குச் செல்லும் வளையும் குழாய், சாமான் பெட்டியின் கீழே நசுங்கிக் கிடந்தது. மற்றொரு குழாய் பொருத்திய இடத்திலிருந்து கழன்று, தரைக்கு அடியிலிருந்த வெற்றிடத்துக்குச் சூட்டை வாரி வழங்கிக்கொண்டிருந்தது. தரையின் கீழ் வசிக்கும் எலிக்கு நல்ல குளிர்காலம். மூன்றாவது காரணமே முதன்மையானது. அறைக்குச் சென்ற காற்று உலைக்குத் திரும்பிவருவதற்கென்று ஒரு கம்பிவலை வாயில் இருந்தது. அதன்முன் தம்பி குடும்பத்தாரின் சப்பாத்துகளும் பயணப் பெட்டியும் அடுக்கப்பட்டிருந்தன. முன்னறைக் கதவோ தரையைத் தொட்டுக்கொண்டு மூடியிருந்தது.

திரும்பும் வழி அடைபட்ட அறைக்குள் எவ்வளவு விசிறினாலும் காற்றுப் புகாது. வாய் சிறுத்த போத்தலைக் கவிழ்த்து நீருக்குள் அமுக்கிப் பார்த்தவர்க்கு இது விளங்கும். உள்ளேயிருக்கும் காற்று வெளியேறாமல் நீர் ஏறாது. உலைக்குள் சூடு தேங்கியதால் காவல் ஆளி அதனை அணைத்தது, ஆறியதும் மூட்டியது. உலையில் குற்றமேயில்லை. அது தன் கடமையைச் செய்தது.

வீடு திரும்பிய பின்னர் தம்பி ஒரு வாரம் இதிலேயே முனைந்தார். குழாய்களில் மிகையான நீளத்தை வெட்டி, வளைவுகளைக் குறைத்து நேராக்கினார். பொருத்துகளைத் துணிநாடாவால் அன்றி, சூடு தாங்கும் உலோகத்தாள் நாடாவால் சுற்றினார். முன்னறைக் கதவின் அடியில் ஓர் அங்குலம் அறுத்தெடுத்தார். காற்றுத் திரும்பும் வாயில் எத்தனை சதுர அங்குலம் திறந்திருக்க வேண்டுமென்று உலையோடு வந்த ஏட்டிலேயே எழுதியிருந்தது. அதை அளந்து சரிபார்த்தார். பற்றரி வலுக்குறைந்து விசிறி மந்தமாகச் சுழன்றதையும் கண்டு, புதியதை மாற்றினார். நச்சு வாயுவைக் கண்டு அலறும் கருவியைப் படுக்கையருகே பொருத்தினார். அடுத்த குளிர்காலத்தில் கடைசி மூலை வரையில் இளஞ்சூடு பரவியது என்று சொல்லி முடித்தபோது, ஆனையிறவை வென்றவர் போல் அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் விடியுமுன்னர் இருமல் ஒலி கேட்டு விழித்தோம். குடிலுக்குப் பின்னாலிருந்த சிறு கல்வீட்டிலிருந்து வந்த ஒலி. குடில்களில் தங்குவோருக்குக் காலையில் இடியப்பமும் சம்பலும் கொடுப்பவர் அவ்வீட்டு மூதாட்டி. நாள்தோறும் மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுபவர். வாங்கச் சென்ற நாம் குசினிக்குள் எட்டிப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்வாங்கினோம். புகை கூரையிலிருந்து இடுப்பளவுக்குத் தொங்கிற்று. அதற்குக் கீழே, தரையோடு தரையாக அமர்ந்து அம்மூதாட்டி இடியப்பம் பிழிகிறார். ஒரு மூலையில், மின்குமிழின் கீழே, பதினைந்து வயதுப் பேத்தி புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள். பிள்ளைக்குத் தொய்வு. மழையிலும் காற்றிலும் கூடும் என்றார் மூதாட்டி. புகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புகை அவருக்கு வீட்டின் ஓர் உறுப்பாகிவிட்டது.

அவர்களுடைய பூர்வீகம் மன்னார்த் தீவு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் உடுத்த உடையோடு ஊர் நீங்கினர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் கடல் வழியே இக்கற்பிட்டிக் கரையை அடைந்தனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரமே தவணை கொடுக்கப்பட்டது. அதை அறிந்த ஊரிலிருந்து சென்ற நாம், அம்மூதாட்டியின் முன் என்ன பேசுவது என்று அறியாமல் சிறிது நேரம் நின்றோம். அவரோ பாயை விரித்து, தேநீர் கொண்டுவந்து வைத்து, “எந்த ஊர் மகன்?” என்று கேட்டு, விடையறிந்ததும் “நல்லூர்த் திருவிழா கிட்டுதல்லோ” என்றார்.

அன்றைக்கு வந்தவர்களுக்கு இங்கே ஓலைக் கொட்டில்களே கிடைத்தன. அவற்றிற் பல்லாண்டுகள் கழிந்தன. 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தால் பலருக்குக் கல்வீடு அமைந்தது. மூதாட்டியின் வீடும் அதன் பின்னர் எழுந்ததே. விந்தை என்னவென்றால், கொட்டிலில் இருந்தபோது இவ்வளவு புகை இருந்ததில்லை என்கிறார். வியப்பதற்கில்லை. ஓலைச் சுவரில் ஆயிரம் கண்; கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் வெளி. கல்வீட்டில் அந்த வழியெல்லாம் அடைபட்டுவிட்டது. இடையில் வாயு அடுப்பு வாங்கியிருந்தார்கள்; 2022இல் வாயு கிடையாமற்போய், கிடைத்தபோது விலையும் ஏறிவிட, மீண்டும் விறகுக்கே திரும்பினார்கள். உலகெங்கும் இத்தகைய வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

தம்பி குசினியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நேற்றிரவு சொன்ன கதையின் முதியவர் இப்போது இவருக்குள் புகுந்துவிட்டார் என்றே தோன்றிற்று. வீட்டின் மேற்குச் சுவரோடு சார்த்துக் கூரை இறக்கிக் கட்டிய குசினி. புகைக்கூடு உண்டு; ஆனால் வீட்டு முகட்டைவிட நான்கடி தாழ்ந்தது. சோளகம் கடலிலிருந்து வந்து உயர்ந்த சுவரில் மோதித் தேங்குகிறது. தேங்கிய காற்றின் அழுத்தம் புகைக்கூட்டின் வாயில் கைவைத்து அமுக்குவது போல் புகையைக் கீழே தள்ளுகிறது. போதாக்குறைக்கு, மணல் வந்து மாவில் விழுகிறதென்று மேற்குப் பக்கத்துப் பூக்கற்களையெல்லாம் சீமெந்துச் சாக்கால் அடைத்திருந்தார்கள். அடுப்புக்கு மூச்சு வாங்கவும் வழியில்லை, விடவும் வழியில்லை. “டிரெய்லரேதான் அண்ணை” என்றார் தம்பி.

எப்படித் திருத்துவது என்பதில் கருத்துகள் பலவாயின. மின்விசிறி ஒன்றைச் சுவரில் பூட்டிவிடலாம் என்று நாம் சொன்னோம். மூதாட்டி மின்சாரக் கட்டணத்தை நினைவூட்டினார். அயலிலே கொப்பறா காயவைக்கும் சூளையொன்று உண்டு. அதைப் பார்க்கும் பெரியவர் ஒருவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார். “ஊதி எரிக்கிற நெருப்பு வேலைக்கு ஆகாது. வந்து பாருங்கள்” என்று அழைத்துச் சென்றார்.

கற்பிட்டிக்குச் செல்வோர் கோட்டையையும் தீவுகளையும் கண்டு திரும்புவர். கொப்பறாச் சூளையைக் காண்பவர் அரிது. காண வேண்டிய பொருள் அது. ஓர் ஆளுக்கு மேல் உயரத்தில் கமுகஞ் சலாகைகளாற் பரண். அதன்மேல் உடைத்த தேங்காய்ப் பாதிகள் பரப்பியிருக்கும். கீழே தரையில், சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீண்ட வரிசைகளாக அடுக்கியிருப்பார்கள். வரிசையின் ஒரு முனையில் நெருப்பு வைத்தால், அது சிரட்டைக்குச் சிரட்டை தாவி, எறும்பு ஊர்வது போல் மெல்ல நகர்ந்து, பல மணி நேரம் எரியும். சுவாலையில்லை, புகை மிகச் சிறிது. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் பாதி நீர். அதை நூற்றுக்கு ஆறு ஏழு பங்காகக் குறைக்க, விட்டுவிட்டு நெருப்பிட்டு, நான்கு நாள் அளவில் ஆகும். சுவரின் அடியில் காற்றுப் புகச் சிறு வாயில்கள். கூரையின் கீழே ஈர ஆவி வெளியேற வழி. கீழ்வாயிலை அகலத் திறந்தால் நெருப்புச் சீறிப் பருப்புக் கருகும். மேல்வழியை அடைத்தால் ஆவி தங்கிப் பருப்பு பூஞ்சணம் பிடிக்கும். நெருப்புக்குக் காற்றுப் போதாவிடில் புகை படிந்து கொப்பறா கறுத்து விலை இறங்கும். காற்று மாறும்போதெல்லாம் பெரியவர் எந்த வாயிலில் எத்தனை கல் வைப்பது என்பதைக் கன்னத்தில் படும் காற்றைக் கொண்டே தீர்மானிக்கிறார். கனடாவில் ஏட்டில் சதுர அங்குலமாக அச்சிட்ட கணக்கு, இங்கே ஒருவருடைய கன்னத்தில் இருந்தது.

திரும்பி வந்ததும் வேலை தொடங்கிற்று. புகைக்கூட்டின்மேல் தகரக் குழாயொன்றை நிறுத்தி, வீட்டு முகட்டுக்கு இரண்டடி மேலே போகும்படி உயர்த்தினோம். மழையும் காற்றும் நேரே புகாதிருக்க அதன் தலையில் ஒரு தகரத் தொப்பி. கம்பி கொண்டு மூன்று பக்கமும் இழுத்துக் கட்டாவிடின் சோளகம் அதைக் களப்புக்குக் கொண்டுபோய்விடும் என்று பெரியவர் எச்சரித்தார், அவ்வாறே கட்டினோம். பூக்கற்களை அடைத்த சாக்குகளை எடுக்க மூதாட்டி இசையவில்லை. மாவில் மணல் விழுந்தால் மறுநாள் வாங்க யார் வருவார்? நியாயமான கேள்வி. ஆதலின் அவற்றை அப்படியே விட்டு, அடுப்பு மேடையின் அடியில், தரைமட்டத்தில் மேற்கே ஒரு துவாரமும் வடக்கே ஒரு துவாரமும் துளைத்தோம். புகைக்குழாயின் வாயளவே ஒவ்வொன்றின் அளவும். வெளிப்புறத்தில் ஒரு கல்லை மறைப்பாக நிறுத்தியதால் மணல் அங்கேயே விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை மூடி: சோளகத்தில் ஒன்று திறந்து மற்றையது மூடும், வாடையில் மாறாக. குசினிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வாசலுக்குக் கதவில்லை; தற்போதைக்கு ஒரு தடித்த திரை. தகரம் வெட்டியதும் சுவர் துளைத்ததும் உள்ளூர் இளைஞர் ஒருவர், தம்பி அளந்தார், நாம் ஏணியைப் பிடித்தோம்.

மறுநாள் விடிகாலை மூன்று மணிக்கு, அழைக்காமலே எல்லோரும் அங்கே கூடிவிட்டோம். மூதாட்டி பாளையும் கங்குமட்டையும் அடுக்கி நெருப்பு வைத்தார். முதற் சில நிமிடங்கள் முன்போலவே புகை கவிந்தது. தம்பியின் முகம் வாடிற்று. “குழாய் இன்னும் குளிர். சூடேறட்டும்” என்றார் சூளைப் பெரியவர். உண்மைதான். குழாய் சூடேறிய பின்னர், கூரையின் கீழே தொங்கிய புகை மெல்லத் திரும்பிக் குழாயை நோக்கி நகர்ந்ததைக் கண்ணாற் கண்டோம். அடுப்பில் நெருப்பு ஊதாமலே நின்று எரிந்தது. புகை முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஈர மட்டை வைத்தால் புகைகிறது. காற்றுச் சுழன்றடிக்கும் வேளையில் ஒரு வாய்ப் புகை திரும்பி வருகிறது. ஆனால் எழுந்து நின்று பேசலாம்; எதிர்ச் சுவர் தெரிகிறது. பெரியவர் ஒரு சாக்குச் சிரட்டையைக் கொண்டுவந்து வைத்து, மூட்டும்போது மட்டையும் பின்னர் சிரட்டையும் போடும்படி சொன்னார்.

பேத்தியைக் குசினியில் இருக்க வேண்டாம், உள்ளறையில் படிக்கட்டும் என்றோம். அங்கே தங்கையர் இருவர் உறங்குகிறார்கள், விளக்கு ஏற்ற முடியாது என்றாள் அவள். புகைக்குக் குழாய் உயர்த்திய நமக்கு இதற்கு வழி தோன்றவில்லை. தம்பியின் மனைவி, பிள்ளைகள் கடற்கரையில் விளையாடவென்று கொண்டுவந்திருந்த, மேசையில் வைக்கும் சிறு மின்கல விளக்கை எடுத்துக் கொடுத்தார்.

தை மாதத்தில் அப்பெண்ணே தொலைபேசியில் அழைத்தாள். வாடை எழுந்த அன்று பாட்டி மறதியாக மேற்குத் துவாரத்தைத் திறந்து வைக்க, குசினி பழையபடி புகைந்ததாம். சூளைப் பெரியவர் வந்து மூடிகளை மாற்றிவிட்டு, பலகைகளில் கரியால் ‘சோளகம்’, ‘வாடை’ என்று எழுதியிருக்கிறாராம். தொய்வு எப்படி என்று கேட்டோம். இந்த மழைக்கு ஒருமுறைதான் வைத்தியசாலைக்குப் போனேன் என்றாள். தம்பிக்கு எழுதியபோது, அந்தத் தகரத் தொப்பி இன்னும் நிற்கிறதா என்றுதான் முதலில் கேட்டிருந்தார். நிற்கிறது, ஒரு கம்பி மட்டும் துருப்பிடித்துவிட்டது. சித்திரைக்கு முன் மாற்றவேண்டும்.